ஆசான் வாக்கு

புருசன் பால்வண்ணநாதன் சிலம்பக் கூடத்தை விட்டு விலகியதில் உலகம்மாளுக்குப் பரம நிம்மதி. அந்த ஆசான் துப்பும் வெற்றிலை எச்சிலைச் சிஷ்யப்பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளங்கையில் ஏந்துவதைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் விலகிய அன்று ஆசான் அவன் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தியிருந்தார். "வர்மம் வச்சிட்டேம்லே. நாப்பத்தோராம் நாள் ஒன் வலது கை விழுந்துரும்."

இன்றைக்கு அந்த நாள். விடிந்ததும் உலகம்மாள் அந்தக் கை முழுக்கத் திருநீறு பூசிவிட்டாள். பகல் சாய்ந்தும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு குலைத் தேங்காயை உரித்துப் போட்டிருந்தான்.

அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "குத்தாலத்துல எண்ணெ தேச்சுவிட்டுக்கிட்டிருந்த செல்லப்பா அண்ணாச்சியும் கூடத்தை விட்டு வந்தவருதான? சரியா நாப்பத்தோராம் நாள் கை வெளங்காமப் போச்சு. என்னாச்சுன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்காரு."

"வர்மமாவது மண்ணாங்கட்டியாவது! அத்தனையும் புளுகு."

"பெறகு எதுக்குக் காலையிலேருந்து கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்து வச்சிருக்கிய?"

அவன் பதில் சொல்லுமுன் வாசலில் நாலைந்து பேர் வந்து நிற்கும் சத்தம். "அண்ணாச்சி, கதவைத் தெறங்க." குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"தெறக்காதட்டி! ஆசான் வாக்கு பொய்க்கக் கூடாதுன்னு கம்போட வந்திருக்கானுவ."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான். "செல்லப்பா கையை ஒடிச்சது நாந்தாம்ட்டி."

காலையில் அந்தக் கையில் தான் பூசிவிட்ட திருநீற்றை, உலகம்மாள் முந்தானையால் அழுத்தித் துடைத்தெடுத்தாள்.