குண்டும் கம்பியும்

“குண்டு இன்னும் கொஞ்சம் பெருசா வேணும். ஆனா இந்தக் கம்பி தாங்காது.”

மாடியிலிருந்து இந்தக் குரல் வந்ததும், பால் பாட்டிலுடன் படியேறிக்கொண்டிருந்த நல்லசிவத்துக்குக் கால் நகரவில்லை.

பேசியவன் எலியேசர். தூத்துக்குடிக்காரன், நர்ஸ் பிலோமினாவின் புருஷன். ஓக்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. முனிர்காவில் நல்லசிவம் குடியிருந்த வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

டெல்லி அப்போது சும்மாவே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த 1985 மே மாதம்தான் டிரான்சிஸ்டருக்குள் வைத்த குண்டுகள் பஸ்ஸில் வெடித்து உயிர்களை வாங்கியிருந்தன. கேட்பாரற்றுக் கிடக்கும் எதையும் தொடாதீர்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. நல்லசிவம் தன் சொந்த டிபன் பாக்ஸையே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு மாடி நினைப்புத்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன், திரும்பும்போது சாவ்ரி பஜாரிலிருந்து கம்பிச் சுருள் வாங்கி வருகிறான். அடுத்த ஞாயிறு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்றோடு வருகிறான். மொட்டை மாடிச் சுவரில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் மாதிரி ஏதோ, அதற்குள் கம்பித் துண்டுகள். ஆசிட்டேதான். நேர் கீழே அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் படுத்துத் தூங்குகிறார்கள். மனைவி செல்லம்மாளிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். நல்லசிவம் மருந்துக்கடைக்குப் போய் போலீஸின் நூறாம் நம்பரைச் சுழற்றினார். தன் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் மாலையே ஜீப் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர், “தார்வாலா மதராசி எங்கே?” என்றார். தார் என்றால் ஹிந்தியில் கம்பி. நல்லசிவம் மாடியைக் காட்டினார். எலியேசரின் ஹிந்தி ‘அச்சா’வைத் தாண்டாது. பிலோமினா டியூட்டியில் இருந்தாள். ஆகவே மொழிபெயர்க்கும் பொறுப்பும் நல்லசிவத்துக்கே வந்தது. அவர் அதை மறுக்கவும் இல்லை.

போலீஸைப் பார்த்ததும் எலியேசரின் முகம் வெளிறிவிட்டது. “அண்ணாச்சி, நீங்க கூட இருக்கியள்லா, அது போதும்” என்றான். நல்லசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டிலுக்கடியிலிருந்து அவன் எடுத்து வைத்தது, சாண் நீளத்துக்கு மேலிருந்த ஒரு மரமீன். வெள்ளிப் பூச்சு, கறுப்புக் கண். ஊரில் அவன் தம்பி புதுப் படகு இறக்கியிருக்கிறானாம். இந்தப் பொய்மீனைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் பெரிய சீலா மீன் நிஜமென்று நம்பிக் கவ்வுமாம். வயிற்றுக்குள் இருப்பது ஈயக்குண்டு. மூக்கிலிருந்து வால் வரை உள்ளே ஓடுவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கொக்கிகள் அதில்தான் தொங்கும். மரம் பிளந்தாலும் கவ்விய மீன் தப்பாது. டம்ளரில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர். துருப்பிடிக்கிற கம்பி அதில் ஊறினால் தெரிந்துவிடும்.

திருச்செந்தூர் கோயிலுக்குப் போனபோது மட்டுமே கடலைப் பார்த்திருந்த நல்லசிவம் இதில் ஒன்றையும் நம்பவில்லை. ஹிந்தியில் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்தோடும் ‘என்கிறான்’ என்பதை அழுத்திச் சேர்த்தார். ஈயக்குண்டு வந்த இடத்தில், ஹிந்தியில் வெடிகுண்டுக்குச் சொல்லும் ‘பம்’ என்றே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஏனோ வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடிமனான கம்பியை ஏன் ஒதுக்கினான் என்று கேட்டார். நல்லசிவம் அதற்குக் கொஞ்சம் காரம் சேர்த்தார்.

“மொத்தக் கம்பி ஏன் வேண்டாம்னு கேக்காரு. உண்மையைச் சொல்லலேன்னா தோலை உரிச்சிருவாராம்.”

எலியேசர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். மொத்தக் கம்பி போட்டால் கனம் கூடிப் பொய்மீன் நீந்தாது. விறைப்பான கம்பி குறட்டில் இரண்டு தரம் மடக்கியதுமே பட்டென்று ஒடிந்தது. மிருதுவானது கையாலேயே நிமிர்ந்துவிட்டது. நடுத்தரமான ஒன்றை வளையமாக மடக்கினான், பிரித்தான், மறுபடி மடக்கினான். அதில் கீறல்கூட விழவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்தக் கம்பியின் ஒரு முனையைப் பூட்ஸால் மிதித்து, மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். எவ்வளவு கனம் தாங்கும், யார் கற்றுக்கொடுத்தது, இதுவரை எத்தனை செய்திருக்கிறான், ஆற்றில் வேலை செய்யுமா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. ஆறு என்றதும் நல்லசிவத்துக்கு யமுனைப் பாலம் வெடித்துச் சிதறுவதுபோல் கண்முன் தெரிந்தது.

கடைசியில் இன்ஸ்பெக்டர் மரமீனையும் அந்தக் கம்பியையும் தன் தோல்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

எலியேசருக்கு அழுகை வந்துவிட்டது. “நாளக்கழிச்சு ஊருக்கு டிக்கெட் போட்ருக்கேன், அண்ணாச்சி. என்னைப் பிடிச்சிட்டுப் போயிட்டா பிலோமினா இங்க ஒத்தையா என்ன செய்வா? நீங்கதான் அவரிட்ட எடுத்துச் சொல்லணும்.”

நல்லசிவத்துக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. பையன் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

இன்ஸ்பெக்டர் நல்லசிவத்தின் தோளில் கை வைத்து ஹிந்தியில் நிதானமாகப் பேசினார். அடுத்த வாரம் லீவில் ரிஷிகேஷுக்கு மேலே கங்கையில் மீன் பிடிக்கப் போகிறாராம். போன வருஷம் அகப்பட்ட பெரிய மீன் கம்பியையே நிமிர்த்திவிட்டுத் தப்பித்துவிட்டதாம். எந்தக் கம்பியைக் கொடுத்தாலும் குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவரும் ஒரு மதராசியைப் பற்றிச் சாவ்ரி பஜார் கடைக்காரன்தான் சொல்லி, விலாசமும் கொடுத்தானாம். ஊருக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு பொய்மீன் செய்து தர முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

நல்லசிவம் குழம்பிப் போனார். “அப்போ சாப், நான் பண்ணின போனுக்கு நீங்க வரலையா?” என்று ஹிந்தியில் கேட்டுவிட்டார்.

“எந்தப் போன்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எலியேசருக்கு, அவர்கள் பேசியதில் ‘போன்’ என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது.