கூர் நிற்காத வாள்

“உங்ககிட்ட வாங்கின கிரேக்க வாள்தானே இது? எத்தனை தடவை சாணை பிடிச்சாலும் ரெண்டே நாள்ல மொக்கையாயிடுது!” கடைக்காரர் மேல் எரிந்து விழுந்தார் வந்தவர்.

“பழைய வாளோட நகல்தானே சார், இரும்பு மட்டம். அப்படி எதை வெட்டுறீங்க?”

“இன்னும் எதையும் வெட்டல. எதிர்த்துப் பேசினா பொண்டாட்டி கழுத்துல வைப்பேன், அவ்வளவுதான். மொக்கை வாளுக்கு யார் பயப்படுவா?”

கடைக்காரர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு சிரித்தார். “அப்ப இதைக் கொண்டு போங்க. பார்க்க அதேதான், ஆனா உசந்த எஃகு. கல்லுல தேய்ச்சாக்கூட மழுங்காது.” சாணை பிடித்தே கொடுத்தார்.

மறுநாள் கணவன் வேலைக்குக் கிளம்பியதும், மனைவி சுவரிலிருந்து வாளை இறக்கினாள். தினமும் செய்வதுபோல், மழுங்கடிப்பதற்காகப் பின்வாசல் கல்படியில் தேய்த்தாள். கை ஓயும்வரை தேய்த்தாள்.

இன்றைக்குக் கல்தான் தேய்ந்தது.