நீல வாளி

"வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டரம்மா. இராசாத்தி இல்லையென்று தலையாட்டினாள். மூன்று வருடமாக வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருந்த கருத்தடை லூப், பீங்கான் தட்டில் சுருண்டு கிடந்தது.

வெளியே சிவபாக்கியம் டீச்சர் காத்திருந்தார். வில்பட்டியிலிருந்து தினமும் கொடைக்கானலுக்கு வந்து அவர் வீட்டில்தான் இராசாத்தி வேலை பார்க்கிறாள். இரண்டாவது பெண்ணைப் பெற்றபோது அவள் பிழைத்ததே பெரிய விஷயம். அதன் பிறகு இங்கே அழைத்து வந்து லூப் போட வைத்தவரும் டீச்சர்தான்.

"அப்பவே வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம். எனக்குப் போடறப்போ எங்க சார் கூடவே வந்தார்."

"ஒங்க டவுன் சங்கதி வேறங்க டீச்சர். எங்கூருல தெரிஞ்சா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாக."

விஷயம் தெரியாமலே அவளை வெளியேற்றும் ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருந்தது. மாமியார் கருப்பம்மாள் பேரன் வேண்டி பழனிக்கு நடந்தே போய்த் தொட்டில் கட்டிவிட்டு வந்தாள். பலனில்லை. தை பிறந்தால் மகனுக்கு ஆடலூர்ப் பெண்ணைக் கட்டி வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

மயில்சாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புருசனின் அந்த ஊமைத்தனம்தான் இராசாத்தியைக் கொன்றது. தைக்குள் எப்படியாவது உண்டாகிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தா மூலையில் நீல பிளாஸ்டிக் வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே ஏதோ தாள் ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவள் வீட்டிலும் அதே வாளிதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மயில்சாமி டவுனுக்குப் போய்க் கொண்டுவந்தது. ஜீப்பில் குலுங்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று அந்த வாரம் முழுக்க மூட்டை தூக்காமல் படுத்துக் கிடந்தான். அந்த வலியிலும் தனக்கு வாளி கொண்டுவந்த மனுசனை ஏமாற்றிவிட்டோமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே முட்டைக்கோசுத் தோட்டத்துக்குப் போனாள். மயில்சாமி தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தான். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அடிக்கணும்னா அடிச்சிருங்க. தப்பு ஏம்மேலதான். இன்னிக்கு எடுத்துட்டேன். அடுத்த வருசமே பய பெறந்துருவான். அந்த ஆடலூருப் பொண்ணு மட்டும் வேணாங்க."

களைக்கொத்து அவன் கையிலிருந்து நழுவியது. அவன் அடிக்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"பெறக்காது புள்ள."

"அதான் எடுத்தாச்சேங்க!"

"ரெண்டாவதுக்கு நீ செத்துப் பொழச்சதப் பாத்தேன்ல. திரும்ப அப்பிடி ஒண்ணு வேணாம்னு தோணுச்சு. வெளிய தெரிஞ்சா ஆம்பளையே இல்லம்பாகன்னு ஆத்தாகிட்டகூட வாயத் தொறக்கல."

இராசாத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்த நீல வாளிய நான் வெல குடுத்து வாங்கல. ஆபரேசன் பண்ணிக்கிட்டதுக்கு கேம்ப்புல குடுத்தாக."