பழைய முகவரி

இடிக்கக் கூடாது என்ற தடை உத்தரவு தீர்ப்பாயத்தின் மெயில் சர்வரைத் தாண்டவில்லை. அதைப் பராமரிக்கும் தனராஜின் காதில், போன் வழியாக, பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. "இந்தா வருது, இந்தா வருதுன்னா எப்படி சார்? வாட்ஸப்புல காட்டுனா செல்லாதாம். நகராட்சி மெயிலுக்கு வந்தாத்தான் நிறுத்துவேங்கறாரு ஆபீசரு," என்றார் வேதமணி. தன் வீட்டு வாசலை மறித்து நின்றிருந்தார் அந்த அம்மாள். தனராஜ் மறுபடி அனுப்பினான். மறுபடி திரும்பி வந்தது. சர்வருக்கு இரண்டு இணைய முகவரிகள். நீளமான புதியதைப் போன வாரம் அவன்தான் சேர்த்தான். அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததென்று கேக் வெட்டினார்கள். அந்த முகவரிக்குப் பெயர் பதிவு செய்ய மறந்துபோனான். சர்வரோ, இரண்டில் புதியதையே விரும்பி எடுத்துக்கொண்டு போனது. பெயரில்லாமல் வந்தவரிடம் நகராட்சி சர்வர் எதையும் வாங்கவில்லை. பழைய முகவரியிலேயே போ என்று ஒரு வரியை மாற்றினான். அனுப்பினான். பெற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது. "போயிருச்சும்மா! பாக்கச் சொல்லுங்க!" "பாக்குறாரு சார்." உறுமல் குறையவில்லை. "போனைப் பாக்கெட்ல போட்டுட்டாரு. வண்டியப் பாத்து நடக்குறாரு." "என்ன சொல்றாரு?" "டிரைவருக்குக் கையக் காட்டுறாரு." "எப்படிம்மா காட்டுறாரு? நிறுத்தச் சொல்லியா, இடிக்கச் சொல்லியா?" என்று கேட்டபோது தனராஜ் எழுந்து நின்றிருந்தான்.