ஒப்புக்கொடுத்த கம்பு

அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எல்லோரும் வாழைத்தாரும் பூசணிக்காயும் சேவலும் காணிக்கையாகக் கொண்டுபோக, வருஷக்கணக்காக முட்டுவலியோடு மல்லுக்கட்டும் கிருபாவதி, தான் ஊன்றி வந்த கம்பையே பீடத்தில் வைத்துவிட்டாள். "இனி உம்ம சித்தம், ஆண்டவரே." பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். சபையே கண்கலங்கியது. ஆராதனை முடிந்து எழுந்தபோது முட்டு மட்டும் மசியவில்லை. வீட்டுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும்.

காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேவல் போனதும் உபதேசியார் கம்பைத் தூக்கிப் பிடித்தார்.

"நூறு ரூபா!" என்று அலறினாள் கிருபாவதி.

"ஏக்கா, ஒப்புக்கொடுத்ததத் திரும்பக் கேக்கலாமா?" என்றார் உபதேசியார்.

"ஒப்புக்கொடுத்தது வாஸ்தவந்தான். அவரே திருப்பித் தந்தா வேண்டாம்னு சொல்லவா முடியும்?"

"நூத்தம்பது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். காலில் மாவுக்கட்டோடு, கையை உயர்த்திக்கொண்டு ஞானதிரவியம் நின்றிருந்தார்.

கிருபாவதி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"உம்ம சித்தமே ஆகட்டும், ஆண்டவரே. அந்த மனுஷன் கைய மட்டும் கொஞ்சம் கீழ எறக்கும்."