போட்டோவில் விழுந்த வரிசை

துளசிராம் நல்லகாமனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை காலை. ஒரு கையில் பினாயில் பாட்டில், மறு கையில் வாளி என்று அந்த மனிதர் நின்றார். துளசிராம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திட்டாமல் என்ன செய்வது? ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து சற்றுத் தள்ளி, துளசிராமுக்குச் சேலைக் கடை. அடுத்தது நல்லகாமனின் மோட்டார் வைண்டிங் கடை. இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நல்லகாமன் தன் செலவிலேயே ஒரு கழிப்பறை கட்டி, பெண்கள் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்து விட்டிருந்தார். பூக்காரி, பழக்காரி, ஆஸ்பத்திரிக்கு வந்தவள் என்று காலையிலிருந்தே வரிசை. அதன் வால் சேலைக் கடை வாசலில் கிடக்கும். முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

அன்றைக்கு வியாபாரிகள் சங்கத்திலிருந்து வேறு வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் பையை நிறுத்தி மஞ்சப்பை கொடுத்ததற்கும், கடை முழுக்க எல்.இ.டி. பல்பு போட்டதற்கும் சேர்த்து, 'பொறுப்பான சிறு கடை' என்று துளசிராமுக்கு ஒரு கேடயம். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தார். போட்டோவைப் பார்த்தால், அவருக்குப் பின்னால் ஏழு பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள். மூன்று தடவை எடுத்தாயிற்று. வரிசை நகர்ந்ததே தவிர குறையவில்லை.

"ஏம்ப்பா, நீ நடத்துறது வைண்டிங் கடையா, கட்டணக் கழிப்பறையா?" என்று கேட்டார் துளசிராம்.

"கட்டணமெல்லாம் இல்லண்ணே" என்றார் நல்லகாமன்.

சங்கத்துக்காரர் சிரித்துவிட்டார். துளசிராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் திறந்துவிட நீ என்ன மாநகராட்சியா, இதில் உனக்கு என்ன கிடைக்கிறது, நான் ஏன் இந்தப் பாடு பட வேண்டும் என்று பொரிந்து தள்ளினார்.

நல்லகாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேலைக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். வேலைக்கு இருக்கும் நாலு பெண்களும் சேலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாரவுக வந்துட்டுப் போறாக. விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வாளியோடு சந்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன் மாரடைப்பு.

துளசிராம் மாலையோடு போய் வந்தார். அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நல்லகாமனின் மனைவி முருகம்மாள் கடையைக் காலி செய்தார். அன்று மாலையே துளசிராம் கட்டடத்தின் சொந்தக்காரர் அருள்பாண்டியைப் போய்ப் பார்த்தார். கழிப்பறையை இடிக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டும், அந்த ஆள் இருக்கிற வரைக்கும் கை வைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அருள்பாண்டி. இப்போது அவரும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இடித்தார்கள்.

திங்கட்கிழமை வாசல் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. துளசிராம் சங்கத்துக்காரரை வரவழைத்து அந்தப் போட்டோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால், கடையில் வாடிக்கையாளர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சேலை எடுத்துப் போட ஆளில்லை. கடைப்பெண் நாகஜோதி மயங்கி விழுந்து, மற்ற மூவரும் அவளைச் சுற்றி இருக்கிறார்கள்.

வியாபார நேரத்தில்தான் இவர்களுக்கு எல்லாம் வரும். அலங்காரம் பண்ணிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பி வரவேண்டியது, இங்கே வந்து விழவேண்டியது என்று அவர் ஆரம்பித்தார்.

"அவ சாப்பிட்டுத்தான் வந்தா மொதலாளி" என்றாள், நாகஜோதியின் தலையை மடியில் வைத்திருந்த கனகலட்சுமி. "தண்ணிதான் குடிக்கல. மூணு நாளா கடையில நாங்க யாருமே குடிக்கல."

"ஏன், கடையில கேன் தண்ணி இல்லையா?"

"இருக்கு. குடிச்சுட்டு எங்க போறது?"

துளசிராமுக்குப் புரியவில்லை.

"பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்குப் போய், வரிசையில நின்னு வர அரை மணி நேரம் ஆகும். விடுவீகளா? எட்டு வருசமா, நீங்க சாப்பிடப் போற நேரம் பாத்து நாங்க அந்த அண்ணன் கட்டுன எடத்துக்குத்தான் போய்ட்டு வந்தோம். கடைய விட்டுப் போறது தெரிஞ்சா வைவீகன்னு, உங்ககிட்டச் சொல்லிறாதீகன்னு அவருகிட்டக் கேட்டுக்கிட்டோம். கடைசி வரைக்கும் சொல்லல."

துளசிராம் வெளியே வந்து சந்தைப் பார்த்தார்.

சிமெண்டு பூசி முடித்திருந்தார்கள். ஆறடிக்கு நாலடி. ஒரு பைக் நிறுத்தலாம்.