காலளவு கேட்கிற ஏஜென்சி

மற்ற ஏஜென்சிகளில் என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். இங்கே மேசையில் இருப்பவன் கேட்பது காலளவு மட்டும். "எட்டு," என்கிறான் மூன்று மாதமாக வேலையில்லாத என் மகன். மேசைக்காரன் குனிந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து வைக்கிறான். தலைக்கு மேலே ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. எனக்கு எவனையும் நம்பிப் பழக்கமில்லை. பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். உள்ளே ஈரம், மருந்து நெடி.

"இதைப் போட்டிருந்தவன் எங்கய்யா?"

"வேலைய விட்டு நின்னுட்டாரு பெரியவரே."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில. அதான் உங்க பையனுக்கு உடனே இடம் கிடைச்சிருக்கு. கெமிக்கல் தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவணும், அவ்வளவுதான்."

பெஞ்சுக்கு அடியில் தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி கிடக்கிறது.

"அது யாருது?"

"அவருதுதான்."

"அப்போ வெறுங்காலோடயா வீட்டுக்குப் போனான்?"

மேசைக்காரன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறான். கீழே தெருவில், வேலைக்கு ஆள் ஏற்றிப்போக வந்த வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாடா, போலாம்."

"சும்மா இருப்பா. இதையும் கெடுத்துடாத," என்று மகன் பூட்ஸை மாட்டிக்கொள்கிறான். தன் செருப்பைக் கழற்றி அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் படியிறங்குகிறான். நான் குனிந்து அவன் செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறேன். இந்த இடத்தில் அதை விட்டுவைக்க மாட்டேன்.